சோஃபியாவில் ஒரு கிண்ணம் சூப்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடி மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும்தான் நிம்மதி. எனக்கு இங்கே பல்கேரியாவில் வேலை ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிவிட்டார்கள். குளிர் விடுகிற மாதிரி தெரியவில்லை, ஜன்னலைத் திறந்தால் வித்தோஷா மலை இன்னும் பனி மூடித்தான் கிடக்கிறது.

சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுகிறாய் என்று கேட்டிருந்தாய். இந்தக் குளிர்காலம் முழுக்க என்னைத் தாங்கியது சூப்பா தோப்ச்சேத்தா, அதாவது கறி உருண்டை சூப். இங்கே பாலர் பள்ளியில் குழந்தைகளுக்குக் கொடுப்பதும் இதுதான், ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் மதியம் ஊற்றுவதும் இதுதான். பன்றியும் மாடும் கலந்த கொத்துக்கறியில் உப்பு, மிளகு, சுப்ரித்சா என்று ஒரு காய்ந்த மூலிகை, அப்புறம் ஒரு கைப்பிடி பச்சரிசி சேர்த்துப் பிசைந்து, ஒரு வாய்க்கு ஒன்று என்கிற அளவில் உருட்டி, மைதாவில் லேசாகப் புரட்டி, வெங்காயமும் கேரட்டும் செலரியும் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறார்கள். அரிசி உள்ளேயே வெந்து உப்புவதால் உருண்டை கல்லாக இறுகாது, கடித்தால் பொலபொலவென்று உதிரும். சிலர் உருளைக்கிழங்கு போடுவார்கள், சிலர் சேமியா. எனக்கு உருளைக்கிழங்குதான்.

ஆனால் இந்த சூப்பின் உயிர் கறியில் இல்லை, கடைசியில் ஊற்றுகிற தயிரில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி செய்யும்போது கூடவே நின்று பார்த்தேன். கிண்ணத்தில் கெட்டித் தயிரும் முட்டை மஞ்சள் கருவும் அடித்து வைத்துக்கொண்டு, கொதிக்கிற சூப்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, சன்னமாக, நூல் மாதிரி அதில் விட்டபடியே மறு கையால் அடித்துக்கொண்டே இருந்தார். கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பு ஏறிய பிறகுதான் அடுத்த கரண்டி. அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் பானையில் சேர்த்தார். அதற்கு மேல் கொதிக்க விட்டால் திரிந்துவிடும், நம் மோர்க்குழம்பு கதைதான். மெஸ்களில் இந்தப் பொறுமை கிடையாது, மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கிவிடுகிறார்கள். அதை இந்த சூப் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தயிர் என்றால் இவர்களுக்கு அப்படி ஒரு பெருமை. இந்தத் தயிரை உறைய வைக்கிற பாக்டீரியாவை 1905-இல் ஜெனீவாவில் கண்டுபிடித்தவர் ஸ்தாமென் கிரிகோரோவ், இந்த நாட்டுக்காரர். அவர் பிறந்த ஸ்துதென் இஸ்வோர் கிராமத்தில் தயிருக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது, வெயில் வந்ததும் போய்ப் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் 400 கிராம் டப்பாத் தயிரே நன்றாகப் புளித்து, கரண்டி நிற்கிற மாதிரி இருக்கிறது.

நீ மட்டன் கொத்துக்கறியில் செய்து பார், நன்றாகவே வரும். மேலே மிளகும் பார்ஸ்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து, ரொட்டியோடு சாப்பிட வேண்டும். சுப்ரித்சா அங்கே கிடைப்பது கஷ்டம், ஒரு பொட்டலம் தபாலில் அனுப்புகிறேன்.

ஜூலையில் வருவதாக எழுதியிருக்கிறாயே, நிஜம்தானா? அப்போது இங்கே சூடான சூப்பை யாரும் தேட மாட்டார்கள், வெள்ளரிக்காயும் பூண்டும் போட்ட தாரத்தோர் என்கிற குளிர்ந்த தயிர் சூப்தான் எங்கும். பரவாயில்லை, உனக்காக ஒரு நாள் பாட்டியிடம் கேட்டுப் பார்க்கிறேன். டிக்கெட் போடுவதற்கு முன்னால் தேதியை எழுது, நான் லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்ளே