பாவம் ஓரிடம், பழி ஓரிடம்: போரிகானுக்காக ஒரு மடல்

போகிமான் கார்ட்டூன் தொடரின் தயாரிப்புக் குழுவினருக்கும் டிவி டோக்கியோ நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். 1997 டிசம்பர் 16 என்று தொடங்கினாலே எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தொடரின் 38-வது அத்தியாயம். அன்று மாலை 685 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் திடீரென்று வலிப்பு வந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! தொடரை நான்கு மாதம் நிறுத்தினீர்கள். சரியான முடிவு. அந்த அத்தியாயத்தை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. அதுவும் சரிதான், அதைக் கேட்டு நான் எழுதவில்லை.

என் வழக்கு அந்த அத்தியாயத்தில் வந்த போரிகான் என்ற போகிமான் உயிரினத்தைப் பற்றியது.

அன்று நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போகிமான்களை அடைத்துவைக்கும் பந்துகளான போகிபால்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் கணினியில் கோளாறு. கதாநாயகன் ஆஷும் (உங்களுக்கு அவன் சதோஷி) நண்பர்களும் போரிகானின் முதுகில் ஏறிக் கணினிக்குள் போகிறார்கள். வெளியே இருப்பவர்கள் வைரஸை அழிக்கும் நிரலை ஏவ, அது ஏவுகணைகளாக இவர்களைத் துரத்துகிறது. ஆஷின் போகிமான் பிகாச்சு மின்னலை விடுகிறது. ஏவுகணைகள் வெடிக்கின்றன. திரை முழுக்கச் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு தடவை போல மாறி மாறி அடிக்கின்றன. அந்தச் சில நொடிகள்தான் அத்தனைக்கும் காரணம்.

இதில் போரிகான் செய்தது என்ன? வண்டி ஓட்டியது, அவ்வளவுதான். மின்னலை விட்டது பிகாச்சு. அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, பாவம், பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் விட்டது. உண்மையில் குற்றம் வண்ணங்களை அப்படி மின்னவிடும் உத்தியுடையது. உங்கள் ஊர்க்காரர்கள் அதை 'பக்கா பக்கா' என்பார்கள். அதற்கு முன்பும் பல அனிமேக்களில் புழங்கிய உத்திதான். 1998-ல் ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் சேர்ந்து இப்படிப்பட்ட மின்னல்களுக்கு வரம்பு கட்டினார்கள். "அறையில் வெளிச்சம் இருக்கட்டும், தள்ளி உட்கார்ந்து பாருங்கள்" என்று இன்றும் நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் வருகிறதே, அதற்கும் வேர் அந்த மாலைதான். ஆக, உத்திக்குக் கடிவாளம் போட்டாயிற்று. பிகாச்சு 2023 வரை ஆஷின் தோளிலேயே இருந்தது. போரிகான் மட்டும் அன்று போனதுதான், அதன்பின் ஒரு கதையிலும் பாத்திரமாகத் தலைகாட்டவில்லை.

இதைவிடக் கொடுமை, அதன் அடுத்த வடிவங்களுக்கும் அதே கதி. போரிகான்2 போகிமான் வீடியோ விளையாட்டில் வந்தது 1999-ல், போரிகான்-இசட் 2006-ல். சம்பவம் நடந்தபோது இரண்டும் பிறக்கவே இல்லை!

போரிகானின் உடம்பே இளஞ்சிவப்பும் நீலமும்தான். அந்த மின்னலோடு பொருந்திப்போகிற நிறம். ஜாதகக் கோளாறு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்போல. ஆனால் 2020-ல் போகிமானின் அதிகாரபூர்வ ஆங்கில ட்விட்டர் கணக்கிலேயே "போரிகான் ஒரு தப்பும் செய்யவில்லை" என்று ஒரு பதிவு வந்தது. கொஞ்ச நேரத்தில் நீக்கிவிட்டார்கள். மனசுக்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, வெளியே சொல்லத்தான் தயக்கம்.

பெயரைக் காட்டினால் பழைய காயம் கிளறப்படும் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று பிள்ளை பெற்றவர்கள். அவர்களோடு உட்கார்ந்து புதிய தொடரின் நாயகர்களான லிகோ, ராய் கதையைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு போரிகான் என்றால் விளையாட்டில் வரும் ஒரு கோணல்மாணல் வாத்து, அவ்வளவுதான்.

பெரிய வேடம் எதுவும் வேண்டாம். அந்தத் தொடரில் டாட் இருக்கிறாள் அல்லவா? பறக்கும் கப்பலில் தன் அறைக்குள்ளேயே கணினியும் கையுமாகக் கிடந்த பெண். அவள் பெயரே திரையில் ஒரு புள்ளி. போரிகானோ பலகோணங்களால் ஆனது. இவர்களைச் சேர்த்துவைக்க இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? அவள் மேசை ஓரத்தில் அது சும்மா உட்கார்ந்திருக்கட்டும். விளக்கு நன்றாக எரியட்டும், எதுவும் மின்ன வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய ரசிகன்