விடுபட்ட ஒரு வரி குறித்து, அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பழைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு அனுப்பிய இரண்டு கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன. உங்கள் தொலைபேசி எண்ணில் வேறு யாரோ எடுத்து, இனி அழைக்க வேண்டாம் என்று மரியாதையாகவே சொன்னார்கள். நிக்கல் வினையூக்கி பற்றிய நம் கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு எழுதியவர்கள் அனைவரின் ஒப்புதலும் வேண்டும் என்று இதழ் கேட்கிறது. உங்களை எட்டுவதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆகவே நான்கு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். அந்த நான்கு பேரில் நம் குழுவினரும் இருப்பார்கள், சாரும் இருக்கலாம் என்பதால், எந்த இதழ், எந்த ஆண்டு, நிக்கலோடு நாம் சேர்த்த உலோகம் எது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

நிக்கல் கணக்குகள் அனைத்தும் ஸ்பின் இல்லாமல், அதாவது காந்தத்தன்மைக்குக் காரணமான எலக்ட்ரான் பண்பைக் கணக்கில் கொள்ளாமல், ஓடியவை, அக்கா.

செம்புக்காக நீங்கள் எழுதி வைத்திருந்த உள்ளீட்டுக் கோப்பைத்தான் நான் நகலெடுத்தேன். செம்புக்குக் காந்தத்தன்மை கிடையாது. ஸ்பின் வரியைச் சேர்த்தால் கணக்கு நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கணினி வரிசையில் நமக்கு முன்னால் எப்போதும் இருபது வேலைகள் நிற்கும். ஆகவே அந்த வரியை நீக்கி வைத்திருந்தீர்கள், அது சரிதான். அது இல்லாவிட்டால், நாம் கணக்கிடப் பயன்படுத்திய வாஸ்ப் நிரல் எதுவும் கேட்காமல் ஸ்பின்னை விட்டுவிட்டே கணக்கிடும் என்பதும், நிக்கல் ஒரு ஃபெர்ரோகாந்த உலோகம் என்பதும் எனக்குத் தெரியாத செய்திகள் அல்ல. இரண்டாவது பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்ததுதான். கோப்பின் தலைப்பில் செம்பு என்றிருந்ததை நிக்கல் என்று மாற்றிய எனக்கு, உள்ளே மாற்ற வேண்டியதை மாற்றத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. சோதனைக் குழுவிலிருந்து வந்தவர் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியை மேசையின் நடுவில் வைத்தார். எட்டு மாதம் உழைத்துத் தயாரித்த வினையூக்கி. மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் அதன் மேல் செலுத்தியதில் ஒரே நாளில் கரி படிந்து குழாயே அடைத்துக்கொண்டது. உள்ளே போட்டது அரை கிராம், வெளியே எடுத்தது அதைவிடக் கூடுதல் என்று அவர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. நிக்கலோடு சிறிதளவு தங்கம் சேர்த்தால் கரி படிவது குறையும் என்று கணக்கிட்டு அதைச் செய்தும் காட்டிய டேனிஷ் ஆய்வாளர்களின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த குழு நம்முடையது. தங்கத்தைவிட மலிவான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நம்பியிருந்தோம். கணினிக் கிளஸ்டரைக் கவனித்துக்கொண்ட அண்ணன் குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இந்த எண்களை எடுத்தது யார்?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றீர்கள்.

அதற்கு முந்தைய இரவு, வெளியீட்டுக் கோப்பில் காந்தத் திருப்புத்திறன் இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை என்பதை நான் பார்த்துவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாது. காலையில் உங்களிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். கூட்டம் அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. இதை ஒரு சமாதானமாகச் சொல்கிறேனா, நடந்ததைச் சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அந்த இரண்டு சொற்களைச் சொன்ன பிறகு என் வாய் திறக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

அடுத்த பருவத்தில் நீங்கள் குழுவை விட்டுப் போனதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எனக்குக் கர்வம் இல்லை. உதவித்தொகை முடிந்திருந்தது, வீட்டில் என்ன நிலைமை என்பது எனக்குத் தெரியும். பிற காரணங்களைப் பற்றி, மற்றவர்கள் இங்கே இருப்பதால், நான் எதுவும் எழுதவில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். யார் உங்களை அப்படிச் சொல்லச் சொன்னது? எண்களை எடுத்தவன் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். உங்கள் பெயர் முதலில் இருக்கிறது என்பதால் பொறுப்பும் உங்களுடையது என்று நினைத்தீர்களா, அல்லது இவன் தாங்கமாட்டான் என்று முடிவு கட்டிவிட்டீர்களா? என்னிடம் ஒரு சொல் கேட்காமல் என் தவறை எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். இத்தனை ஆண்டுகள் உங்கள் நல்ல குணத்துக்குக் கடன்பட்டவனாகவே இருந்திருக்கிறேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டுரையின் செய்முறைப் பகுதியில் "ஸ்பின்னைக் கணக்கில் கொண்டு" என்ற வாக்கியத்தை முந்தைய கட்டுரையிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டியதும் நீங்கள்தானே? அதை எழுதியது நீங்கள், பொய்யாக்கியது நான்.

என்னை நானே தேற்றிக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நிக்கல் ஏறத்தாழ 355 பாகை செல்சியஸுக்கு மேல் ஃபெர்ரோகாந்தத் தன்மையை இழந்துவிடும். நம் வினையோ 700 பாகையில் நடப்பது. அப்படியானால் ஸ்பின் எதற்கு என்று பல இரவுகள் வாதாடியிருக்கிறேன். அணுக் காந்தங்களின் ஒழுங்கு கலைவது வேறு, காந்தமே இல்லாமற் போவது வேறு என்பது தெரிந்தே செய்த வாதம் அது. எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவுப் பிழை என்றால் ஒப்பிடும்போது கழிந்து போயிருக்கும். சேர்க்கும் உலோகத்துக்கு ஏற்ப நிக்கலின் காந்தத்தன்மை வெவ்வேறு அளவில் குறைவதால் அதுவும் கழியவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்ததில் நாம் முதலிடத்தில் வைத்த உலோகம் மூன்றாம் இடத்துக்குப் போகிறது. ஆற்றலில் இடைவெளி 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல். அறை வெப்பநிலையில் 0.1 என்பதே வேகத்தில் கிட்டத்தட்ட 50 மடங்கு வேறுபாடு, நம் வெப்பநிலையில் மூன்று மடங்குக்கு மேல்.

என் முதல் வாரத்தில் பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடை வைத்துப் பார்க்கச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? சோதனையில் அணுவின் நேர் மேலே நிற்கும் மூலக்கூறு என் கணக்கில் மூன்று அணுக்களுக்கு நடுவிலிருந்த குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் என் பிழையைத் தேடவிட்டு, மூன்றாம் நாள் எலுமிச்சைச் சோற்று டப்பாவோடு வந்து, இதற்குப் புதிர் என்றே பெயரிட்டு 2001-இல் வெளிவந்த கட்டுரையை நீட்டினீர்கள். கோட்பாட்டின் பிழை எது, கணக்குப் போட்டவனின் பிழை எது என்று பிரிக்கத் தெரியாதவன் இந்த வேலைக்கு வரக்கூடாது என்றீர்கள். அந்தச் சோற்றின் பெரும்பகுதியை அண்ணன்தான் சாப்பிட்டார்.

இந்தத் திருத்தம் மனசாட்சி உறுத்தியதால் வருவது என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். என்னிடம் ஆய்வு செய்யும் முதலாண்டு மாணவி ஒருத்திக்குப் பயிற்சிக்காக நம் கட்டுரையைக் கொடுத்து, அதே எண்களை எடுத்துவரச் சொன்னேன். ஏன் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. கொடுக்கக் கூடாத கட்டுரை அது ஒன்றுதான். இரண்டு வாரம் கழித்து வந்து, "சார், ஸ்பின்னை எடுத்துவிட்டால் உங்கள் எண் அப்படியே வருகிறது, போட்டால் வரவில்லை" என்றாள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு நான்கு நாள் அவளைத் தவிர்த்தேன். ஐந்தாம் நாள் அவள் தன் கோப்பில்தான் ஏதோ தவறு இருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள். அன்று மாலையே சாருக்குத் தொலைபேசி செய்தேன். சார் சொன்னதை இங்கே எழுதவில்லை. ஒப்புதல் தந்துவிட்டார் என்பது போதும்.

திருத்தத்தின் வரைவில், நிக்கல் கணக்குகளைச் செய்தவர் இரண்டாம் ஆசிரியர் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதாதீர்கள், எடுக்க மாட்டேன். மற்றபடி எதை வேண்டுமானாலும் அடித்துத் திருத்தலாம், என் இலக்கணத்தையும் சேர்த்து. என் முகவரி மாறவில்லை. உங்கள் பெயருக்கு முன்னால் இன்னும் அதே இனிஷியல்தானா என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள், இதழ் கேட்கிறது.

அன்புடன்,
தம்பி