பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளி வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வாரியத்தினருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

நான் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவள். வேலை பார்த்த பள்ளி ஒன்றில், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் தாத்தாவின் பூக்கடையை வரைந்தாள். ஓரத்தில் மாரியம்மன் கோயில் கோபுரம், முன்னால் சாமந்திக் குவியல், ஊசியில் நூல் கோக்கும் கிழவரின் கை. போட்டி முடிந்ததும் படம் ஸ்டோருக்குப் போனது. மறு ஆண்டு தேடியபோது, கரையான் தின்றது போக அந்தக் கையும் பாதி ஊசியும்தான் மிஞ்சியிருந்தன. இன்றும் மனசு ஆறவில்லை.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சீரமைத்த பழைய கடைவீடு ஒன்றை எடுத்து, நம் பள்ளிகளே நடத்தும் ஓவியக்கூடமாக்குங்கள். இது ஆகாத காரியமில்லை. லெபோ ஃபார்க்குவாரில் மாநில அருங்காட்சியகமான கட்டடம், ஒரு காலத்தில் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் நடந்த இடம். ஹின் பஸ் டிப்போவில் முன்பு பஸ்கள் நின்றன; இப்போது ஓவியங்கள் தொங்குகின்றன.

2000ஆம் ஆண்டு பிறந்ததும், பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. தலைமுறைகளாகக் குடியிருந்த பலர் ஜார்ஜ்டவுனைவிட்டுப் போனார்கள். 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கட்டடங்கள் பிழைத்தன, அவற்றில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தீபாவளிச் சாமான் வாங்கத்தான் அங்கே வருகிறார்கள். அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட அங்கே ஒரு சுவர் வேண்டும்.

கட்டடம் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, பெயிண்ட் உரியும். அந்தச் சுவரில் ஒட்டிய காகிதம் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே சுண்ணாம்பால் சீரமைத்த வீடாகப் பாருங்கள். படங்களைச் சுவரில் ஒட்டாமல், மேலே கம்பி கட்டி, பின்னால் காற்றுப் போக இடம்விட்டுத் தொங்கவிடலாம். நடுமுற்றத்தை மூடிவிடாதீர்கள்.

மாதம் ஒரு பள்ளி பொறுப்பேற்கட்டும். விளக்கச் சீட்டைத் தமிழிலும் மலாயிலும் பிள்ளைகளே எழுதட்டும். வருகிறவர்களுக்கு அவர்களே சொல்லட்டும். பெருநிலப் பள்ளிகளுக்குப் பயணச் சிரமம் உண்டு, ஆசிரியர்களுக்கு வேலைப்பளு உண்டு. முதலில் தீவுப் பள்ளிகள் தொடங்கலாம். வாடகை ஒரு பள்ளியால் தாங்கக்கூடியதல்ல. அதனால்தான் எல்லாரிடமும் சேர்த்துக் கேட்கிறேன்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சனிக்கிழமைதோறும் கூடத்தில் இருந்து கவனிக்க நான் தயார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை, ஜார்ஜ்டவுன்