பெரிய எழுத்து வேறு, தலைப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வலைப்பக்கம் செய்வது பற்றி நீங்கள் தொடங்கியிருக்கும் பாடத்தை இரண்டு முறை படித்தேன். வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லைப் பயமுறுத்தாமல் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒருவர் முன்வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் 31 ஆண்டுகள் புரூஃப் பார்த்த கை சும்மா இருக்காது. மூன்றாம் பத்தியில் ஒரு வரி: "எழுத்து பெரிதாக வேண்டுமானால் எச்1, கொஞ்சம் சிறிதாக எச்3, இன்னும் சிறிதாக எச்6 போடுங்கள்." ஏதோ கை தவறி வந்தது என்று விட்டுவிடலாம் என்றால், பாடம் முழுக்க அதே நினைப்பில்தான் போகிறது. எச்1 போல நாம் போடும் குறி, அதாவது டேக், ஒப்பனைச் சாமான் என்ற நினைப்பு.

நானும் அந்த நினைப்பில் தொடங்கிச் சூடுபட்டவன். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். வெட்டிப் போட்டாலும் வருத்தமில்லை. எத்தனை கடிதங்களை நானே வெட்டியிருக்கிறேன்!

வேலையில் இருந்த காலத்தில் கண்ணில் பட்ட பிழைகளை ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். 'சுவற்றில்' என்று எழுதிவருவதைச் 'சுவரில்' என்று திருத்துவது, 'முயற்சித்தார்' என்பதை 'முயன்றார்' என்று மாற்றுவது, இப்படி. ஓய்வு பெற்ற பிறகு அந்த நோட்டை ஒரு வலைப்பக்கமாகப் போடலாம் என்று ஆசை வந்தது. அக்கா மகனுக்கு இந்த வேலை தெரியும். போனில் கேட்டேன். "ஒண்ணும் கஷ்டமில்ல மாமா, ஒவ்வொரு பாராவையும் பி டேக்குக்குள்ள போடுங்க" என்றான்.

இங்கேதான் தமிழ்க் காது காலை வாரியது. ஆங்கிலத்தில் பாராவுக்கு ஒரு பி, போல்டுக்கு, அதாவது தடித்த எழுத்துக்கு, ஒரு பி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். போனில் என் காதுக்கும் ஒன்றாகத்தான் விழுந்தது. நான் போட்டது போல்டின் பி. அதையும் முதல் பத்தியில் திறந்துவிட்டு மூட மறந்துவிட்டேன். பக்கத்தைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு, பத்திப் பிரிவும் கிடையாது. பிரவுசர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அந்த மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோண அடைப்புக்குள் ஒரு பெயர் எழுதினால் டேக் திறக்கிறது. அதே பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு சேர்த்தால் மூடுகிறது. போல்டை மூடாவிட்டால் அடுத்தடுத்த பத்திகளுக்கும் அது பரவிக்கொண்டே போகும். பாரா டேக்கை மூடாவிட்டாலோ பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு பாராவுக்குள் இன்னொரு பாரா இருக்க முடியாது என்பதால், அடுத்தது தொடங்கியதும் முந்தையது தானாக முடிந்துவிட்டது என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். எந்தத் தப்பையும் மன்னித்து எதையாவது காட்டிவிடுவது அதன் சுபாவம். 2000-இல் எக்ஸ்ஹெச்டிஎம்எல் என்று கண்டிப்பான வடிவம் ஒன்று வந்தது. அதை முழுக்க எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான மொழியின் விதிப்படி அனுப்பினால், மூடாத ஒரு டேக்குக்குப் பக்கமே வராது. பிழைச் செய்திதான் வரும். என்னைப் போன்ற புரூஃப் ரீடருக்கு அது சொர்க்கம். மற்றவர்களுக்கு அப்படி இல்லைபோலும், அது நிலைக்கவில்லை. மன்னிக்கும் பிரவுசர்தான் இன்றைக்கும். ஆகவே கண்ணுக்குச் சரியாகத் தெரிவதால் பக்கம் சரி என்று முடிவுகட்ட முடியாது.

நான் அப்படித்தான் முடிவுகட்டினேன். பி குழப்பத்தைச் சரிசெய்தேன். ஐந்து பகுதிகளுக்கும் பெரிய தடித்த எழுத்தில் பெயர் வைத்தேன். பிழைகளை அட்டவணையாக்கி, தவறான சொல்லைச் சிவப்பிலும் சரியான சொல்லைப் பச்சையிலும் போட்டேன். பார்க்க ஜோராக இருந்தது. இணைப்பை என் பழைய ஜோடிக்கு அனுப்பினேன்.

ஜோடி என்றால் என்ன என்று இன்றைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் புரூஃப் பார்ப்பது இருவர் வேலை. ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிப்பார். மற்றவர் புரூஃபில் கண்ணை ஓட்டித் திருத்துவார். படிப்பவர் வார்த்தைகளை மட்டும் படிக்கமாட்டார். "தலைப்பு... புதுப் பாரா... மேற்கோள் தொடக்கம்... மேற்கோள் முடிவு... துணைத்தலைப்பு" என்று எல்லாவற்றையும் ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போவார். பல வருடங்கள் எனக்குப் படித்தவர் அவர். இப்போது அவருக்குப் பார்வை இல்லை. என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை வைத்துக்கொண்டு கணினி திரையில் இருப்பதைப் படிக்க, அவர் கேட்கிறார். ஜோடி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் போன் வந்தது. "என்னப்பா, தலைப்பே இல்லாம காப்பி அனுப்பியிருக்க?"

ஐந்து தலைப்பு இருக்கிறதே என்றேன். இல்லை என்றார். ஸ்கிரீன் ரீடரில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகும். 2 என்ற எண்ணை அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்கு. நாம் பத்திரிகையை விரித்ததும் கண்ணால் ஒரு சுற்று மேய்கிறோமே, அவருக்கு அந்த மேய்ச்சல் இந்த விசையில்தான் இருக்கிறது. என் பக்கத்தில் எச் அழுத்தியபோது தலைப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. நான் செய்ததெல்லாம் பெரிய தடித்த எழுத்து. அது அவர் காதுக்கு மற்றொரு வரி. இதுதான் தலைப்பு என்று நான் எங்கேயும் எழுதவே இல்லையே!

அப்புறம் அட்டவணைக்கு வந்தார். "சுவற்றில், சுவரில்னு படிக்குது. இதுல எது சரி?"

"என்ன கேள்வி இது? உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்யா. தெரியாதவன் கேட்டா?"

பதில் சொல்ல முடியவில்லை. பிழை எது, திருத்தம் எது என்ற ஒரே தகவலை நிறத்தில் மட்டும் ஒளித்துவைத்திருந்தேன். சொல்லித்தர வந்த பக்கம், கேட்பவருக்குத் தவறையும் சரியையும் வரிசையாக ஒப்பித்துவிட்டுப் போய்விட்டது. அன்று இரவே உட்கார்ந்தேன். அட்டவணையின் முதல் வரிசையில் வெறும் கட்டத்துக்கான டிடியை எடுத்துவிட்டு, தலைக்கட்டத்துக்கான டிஎச்சைப் போட்டு 'பிழை', 'திருத்தம்' என்று எழுதினேன். இப்போது ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தால் 'திருத்தம்' என்று சொல்லிவிட்டுத்தான் 'சுவரில்' என்கிறது. சிவப்பும் பச்சையும் அப்படியே இருக்கின்றன, பார்ப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

டேக் பற்றி எனக்குப் பிடிபட்டது அந்த இரவில்தான். பிரதியில் நாங்கள் இருவகைக் குறி போடுவோம். வார்த்தைக்கு அடியில் நெளிகோடு இழுத்தால் தடித்த எழுத்து. நேர்கோடு இழுத்தால் சாய்வெழுத்து. இது தோற்றம். ஓரத்தில் 'துணைத்தலைப்பு' என்று எழுதினால், அந்த வரி இன்னது என்று பெயர் சொல்கிறோம். எத்தனை பாயிண்டில் வரவேண்டும் என்று எழுதமாட்டோம். அது கம்போசிங் அறைச் சுவரில் ஒட்டிய அட்டையில் இருக்கும். அட்டையை மாற்றினால் அன்றிலிருந்து எல்லாத் துணைத்தலைப்பும் மாறும்; பிரதியைத் தொட வேண்டியதில்லை. ஹெச்டிஎம்எல் ஓரத்தில் எழுதும் அந்தப் பெயர். தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ், சுவரில் ஒட்டிய அட்டை. ஹெச்டிஎம்எல்லின் நடுவே 'எம்' என்று வருகிறதே, அந்த 'மார்க்கப்' என்ற சொல்லே அச்சகப் பிரதிகளில் குறி போடும் வழக்கத்திலிருந்து போனதுதான்.

வரலாறும் இப்படித்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் விவரித்த டேக்குகள் சுமார் இருபதுதான். தலைப்பு, பத்தி, பட்டியல், முகவரி, இணைப்பு என்று எல்லாம் பெயர்கள். படம் போட ஒரு டேக் கிடையாது. நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் பேச்சே இல்லை. பிறகு நெட்ஸ்கேப் போன்ற பிரவுசர்கள், பக்கம் பார்க்க அழகாக வேண்டும் என்று கேட்டவர்களுக்காக எழுத்துருவுக்கு ஃபான்ட், நடுவில் நிறுத்த சென்டர் போன்றவற்றைப் புகுத்தின. அதே செர்னில் இருந்த ஹோகுன் வியூம் லீ 1994 அக்டோபரில் வேறு வழி சொன்னார்: தோற்றத்தைத் தனித் தாளில் எழுதுவோம் என்று. (இரண்டு லீக்களும் சொந்தக்காரர்கள் இல்லை.) 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு வந்தது. 1997 டிசம்பரில் வந்த ஹெச்டிஎம்எல் 4, ஃபான்டையும் சென்டரையும் கைவிட வேண்டியவை என்று குறித்துவிட்டது. உங்கள் பாடம் அவை இரண்டையும் அடுத்த வாரம் கற்பிக்கப்போவதாக அறிவித்திருக்கிறது! போட்டால் இன்றும் வேலை செய்யும், மறுக்கவில்லை. பிரவுசர்தான் எதையும் மன்னிக்குமே.

எச் வரிசைக்குத் திரும்புகிறேன். எச்1 முதல் எச்6 வரை என்பது அளவு வரிசையே அல்ல, நிலை வரிசை. எச்1 பக்கத்தின் தலைப்பு. எச்2 அதன் பகுதிகள். எச்3 ஒரு பகுதிக்குள் உட்பகுதி. நாம் எதுவும் சொல்லாதபோது பிரவுசர் எச்1-ஐச் சாதாரண எழுத்தைப்போல் இரண்டு மடங்காகக் காட்டும், எச்4-ஐச் சாதாரண அளவிலேயே, எச்6-ஐ அதைவிடச் சிறிதாக. இந்தக் கடைசி வசதியைப் பார்த்துத்தான் 'பொடி எழுத்துக்கு எச்6' என்று பலர் அடிக்குறிப்புகளைத் தலைப்பாக்குகிறார்கள். என் ஜோடி ஒரு பக்கத்தில் எச் அழுத்திக்கொண்டே போய் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற வரியில் தலைப்பாக நின்றாராம்.

எச்1 பெரிதாக இருக்கிறதே என்று எனக்கும் தொல்லை இருந்தது. தமிழ்ச் சொற்கள் நீளம். கைபேசியில் இரண்டு மடங்கு எழுத்தில் வரிக்கு ஒரு சொல்தான் நிற்கிறது. அதற்காக எச்3-க்கு இறங்கவில்லை. அட்டையில் ஒரு வரி எழுதினேன்: எச்1 ஒன்றரை மடங்கு. சரியாகிவிட்டது. தமிழுக்கு அட்டையில் எழுதவேண்டியவை இன்னும் உண்டு. நம் எழுத்துகளுக்கு மேலே கொக்கி, கீழே சுழி; பிரவுசர் தானாகக் கொடுக்கும் வரி இடைவெளி போதாது, நான் எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு வைத்திருக்கிறேன். அழுத்தம் கொடுக்கும் இஎம் டேக்கைப் பிரவுசர் சாய்வெழுத்தாகக் காட்டும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் இல்லாததால், நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டதுபோல் சாய்க்கிறது. பார்க்கச் சகிக்காது. இஎம் என்றால் சாய்க்காதே, நிறத்தை மாற்று என்று அட்டையில் எழுதிவிட்டேன். பிரதியில் ஒரு டேக்கும் மாறவில்லை.

தமிழ்ப் பாடம் என்பதால் இன்னொன்று. உங்கள் மாதிரிப் பக்கத்தின் முதல் வரியில், மொழியைக் குறிக்கும் 'லாங்' என்ற இடத்தில் ஆங்கிலத்தின் குறியீடு இருக்கிறது. நானும் அப்படியே நகலெடுத்திருந்தேன். என் ஜோடியின் கணினி அதை நம்பி ஆங்கிலக் குரலைக் கூப்பிட்டு, அது தமிழைக் கண்டு திணறியிருக்கிறது. 'டிஏ' என்று இரண்டே எழுத்து மாற்றினேன், தமிழ்க் குரல் வந்தது. படத்தில் இருப்பதை வார்த்தையில் சொல்லும் ஆல்ட் எழுதுவதையும் பாடம் விட்டுவிட்டது. அதற்கு ஒரு வரி போதும்.

ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்லிவிட வேண்டும். போல்டின் பிக்குப் பதில், முக்கியம் என்று சொல்லும் ஸ்ட்ராங் போட்டால் கேட்பவருக்கு உலகமே மாறிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். என் ஜோடியைக் கேட்டேன். அவர் கணினி இரண்டையும் ஒரே மாதிரிதான் படிக்கிறதாம். பொருளில் வேறுபாடு உண்டு, கடைப்பிடிப்பது நல்லது. ஆனால் முதலில் தலைப்பையும் பட்டியலையும் அட்டவணையையும் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். கேட்பவர் வழி கண்டுபிடிப்பது அவற்றை வைத்துத்தான்.

கடைசியாக, உங்கள் இணையப் பதிப்பையும் அவரைத் திறக்கச் சொன்னேன். நீண்ட கட்டுரை ஒன்றில் நான்கு துணைத்தலைப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன. எச் அழுத்தினால் கட்டுரைத் தலைப்பில் ஒரு முறை நிற்கிறது. அடுத்த அழுத்தலில் பக்கத்தின் அடியில் 'தொடர்புடைய செய்திகள்'. நடுவில் இருக்கும் நான்கும் தடித்த பத்திகள். என் நோட்டுக்கு நேர்ந்ததேதான்.

அடுத்த ஞாயிறு இடமிருந்தால், வழக்கமான பெட்டிக்குள் கீழ்க்கண்டதைப் போடக் கேட்டுக்கொள்கிறேன். பழைய பழக்கத்தில் நானே தயாரித்துவிட்டேன்.

பிழை: எழுத்து பெரிதாக வேண்டுமானால் எச்1 போடுங்கள்.
திருத்தம்: அது பக்கத்தின் தலைப்பானால் எச்1 போடுங்கள். எழுத்தின் அளவைச் சிஎஸ்எஸ்ஸில் எழுதுங்கள்.

இதை இணையப் பதிப்பில் போடும்போது அட்டவணையாகப் போட்டால், தலைக்கட்டத்துக்கு டிஎச் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர் ஒருவர்