நின்றுபோன மாதவிடாயும் காலெலும்பு வலியும்: ஓடும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சில மாதங்களாக மாதவிடாய் வரவில்லை என்றும், போட்டிக் காலத்தில் அது ஒரு வகையில் வசதியாகவே இருக்கிறது என்றும் நீ சொன்னதை அம்மா என்னிடம் சொன்னாள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலிக்கிறது என்றும் சொன்னாயாம். இதைப் பற்றி அப்பா எழுதுவது உனக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கும் பிரிவிலேயே வேலை பார்க்கிறவன் வாயை மூடிக்கொண்டு இருப்பது சரியாகாது. உனக்கு அவை இரண்டு தனித்தனிச் செய்திகள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

கடுமையாகப் பயிற்சி செய்தால் மாதவிடாய் நிற்கத்தான் செய்யும் என்று உன்னோடு ஓடும் மூத்த பெண்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பயிற்சியின் கடுமை மட்டும் அதை நிறுத்துவதில்லை. பயிற்சிக்குச் செலவானது போக, இதயத்துக்கும் மூளைக்கும் எலும்புக்கும் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் மிஞ்சுகிற ஆற்றல் போதாமல் போகும்போதுதான், மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் தன் ஹார்மோன் துடிப்புகளைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்கு அனுப்பும் ஏவல் தளர்ந்து, கருமுட்டை முதிராமல், ஈஸ்ட்ரோஜன் அளவு சரிந்துவிடுகிறது. பற்றாக்குறையில் இருக்கும் உடல், உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலையை முதலில் நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார். ஒரு பெண்ணின் எடையில் கொழுப்பைக் கழித்த பின் 40 கிலோ இருக்கிறது, பயிற்சியில் நாளொன்றுக்கு 700 கலோரி செலவாகிறது, அவள் சாப்பிடுவது 1,800 கலோரி என்று வைத்துக்கொள். மிச்சம் 1,100, கிலோவுக்கு 27.5 கலோரிதான். சுமார் 45 இருந்தால் உடல் நிம்மதியாக இயங்கும், 30-க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் குலையத் தொடங்கும் என்பது ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் அளவுகோல். சிலருக்கு 30-க்கு மேலேயே மாதவிடாய் நின்றுவிடுவதும் உண்டு என்பதால் இதை ஒரு மதில்போல எண்ணிவிடாதே. 45 கிடைக்க அவள் 2,500 கலோரி சாப்பிட்டாக வேண்டும். எடை குறையவில்லையே என்று நீ கேட்பாய். பற்றாக்குறை நீடிக்கும்போது உடல் தைராய்டு ஹார்மோனைக் குறைத்துச் செலவைச் சுருக்கிக்கொள்வதால், எடை பார்க்கும் எந்திரம் மாதக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பாதே.

எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். அது இல்லாதபோது கரைவது கூடுகிறது. ஆற்றல் பற்றாக்குறையில் வளர்ச்சிக் காரணிகளும் குறைவதால் கட்டுவதும் மந்தமாகிறது. குதிப்பதும் ஓடுவதும் எலும்பை உறுதிப்படுத்தும் என்பது உண்மைதான், ஆனால் ஹார்மோன் துணை இல்லாவிட்டால் ஓட்டத்தின் அதிர்ச்சியால் உண்டாகும் நுண் விரிசல்கள் ஆறுவதற்குள் அடுத்த நாள் ஓட்டம் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்றுபோன, சராசரி 25 வயதான வீராங்கனைகளின் முதுகெலும்பு அடர்த்தி 51 வயதுப் பெண்களின் அளவில் இருந்தது. உன் வயதுக்குள் எலும்பின் பெரும்பகுதி சேர்ந்துவிடும், இருபதுகளின் பிற்பகுதி வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், பிறகு இருப்பைக் காப்பது மட்டுமே முடியும். ஆகவே இந்த வருடங்களில் இழப்பதைப் பின்னால் முழுவதும் மீட்கலாம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வலியை முதலில் கவனி. ஒரே புள்ளியில் தொட்டால் வலிப்பதும், ஓட ஓடக் கூடுவதும் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராக, அதாவது திரும்பத் திரும்ப விழும் அதிர்ச்சியால் எலும்பில் உண்டாகும் விரிசலாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். மருத்துவர் பார்க்கும் வரை ஓடாதே. இடுப்பிலோ தொடையிடுக்கிலோ வலி வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் விழுந்தால் அது முழுதாக முறிந்துவிடக்கூடும்.

மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராதபோது மருத்துவர் முதலில் கர்ப்பப் பரிசோதனை கேட்பார். அது எல்லாருக்கும் செய்கிற நடைமுறை, மனம் புண்படாதே. தைராய்டு, புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), சினைப்பை நீர்க்கட்டிக்கான சோதனைகளும் வேண்டும், ஏனென்றால் மற்றக் காரணங்களை எல்லாம் விலக்கிய பிறகுதான் உணவுப் பற்றாக்குறை என்று முடிவு கட்ட முடியும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் உன் வயதுப் பெண்களோடு ஒப்பிடும் இஸட் மதிப்பைப் பார்க்கச் சொல். அதிலேயே வரும் டி (T) மதிப்பு மாதவிடாய் முற்றிலும் நின்ற வயதினருக்கானது. சாதாரணமாக மைனஸ் 2-க்குக் கீழேதான் குறைவு என்பார்கள், ஆனால் ஓடுகிறவளுக்கு மைனஸ் 1-க்குக் கீழே போனாலே காரணம் தேட வேண்டும்.

சாப்பாட்டைக் கூட்டுவதுதான் சிகிச்சை. காலையில் வெறும் வயிற்றில் ஓடிவிட்டு மதியம் வரை பட்டினி கிடப்பதை நிறுத்து, மாவுச்சத்தை ஒதுக்காதே, பயிற்சி முடிந்த உடனே சாப்பிடு. 19 வயதுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை, வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள். ஆனால் கலோரி குறையும்போது கால்சிய மாத்திரை எலும்பைக் காப்பாற்றாது. ஹார்மோன்கள் சீராகி மாதவிடாய் திரும்புவதற்கு மாதங்களும், எலும்பு தேறுவதற்கு வருடங்களும் ஆகும். பயிற்சியாளரிடமும் நீயே சொல். சொல்லச் சங்கடமாக இருந்தால் மருத்துவரின் கடிதத்தைக் கொடு.

ஒன்று மட்டும் பாக்கி. மாதவிடாயை வரவழைக்கக் கருத்தடை மாத்திரை எழுதித் தந்தால், அதை விழுங்குவதற்கு முன் எனக்கு ஃபோன் செய். அதில் வரும் இரத்தப்போக்கு மாத்திரையை நிறுத்துவதால் வருவதே தவிர உன் சினைப்பை விழித்துக்கொண்டதால் வருவதல்ல. எலும்புக்கும் அதனால் பலன் இல்லை. சாப்பாட்டைச் சீராக்கியும் மாதவிடாய் திரும்பாவிட்டால், தோலில் ஒட்டிக்கொண்டு அதன் வழியாக ஈஸ்ட்ரோஜன் தரும் பட்டை உண்டு, அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

அன்புடன்,
அப்பா