என் டோஸும் மணியோட டோஸும்

அடியே,

உன் லெட்டர் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டிட்டு இருப்ப, திட்டிக்கோ. ஆனா நான் சோம்பேறித்தனம்னு நெனச்சிட்டிருந்தது சோம்பேறித்தனமே இல்லயாம்டி, தைராய்டாம்.

இதுல கூத்து என்னன்னா மொதல்ல கண்டுபிடிச்சது மணிக்குத்தான். பந்து போட்டா பாஞ்சு வர்ற நாய், ஆறேழு மாசமா தலையத் தூக்கிப் பாத்துட்டு திரும்ப படுத்துக்கும், சாப்பாடு அதே அளவுதான் ஆனா உடம்பு ஊதிட்டே போகுது, வால்ல முடி கொட்டி எலி வால் மாதிரி ஆயிடுச்சு, அரிப்பும் இல்ல சொறியவும் இல்ல. நாய் டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு டி4ங்கிற தைராய்டு ஹார்மோன் கம்மி, டிஎஸ்எச்ங்கிற இன்னொரு ஹார்மோன் அதிகம்னாரு. நான் சும்மா வெளாட்டுக்கு "எனக்கும் இதேதான் டாக்டர், முடி கொட்டுது, வெயிட் போடுது, எந்நேரமும் தூக்கம்"னு சொன்னேன், அவர் சிரிக்கவே இல்ல, "நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துருங்க"ன்னாரு. எடுத்தா டிஎஸ்எச் 28! நாலஞ்சுக்குள்ள இருக்கணுமாம். ஒரு வருஷமா வயசாயிடுச்சு வயசாயிடுச்சுன்னு என்னை நானே திட்டிட்டிருந்திருக்கேன்.

டிஎஸ்எச் ஏறினா தைராய்டு அதிகமா வேலை செய்யுதுன்னுதான் நானும் நெனச்சேன், அது அப்படியே உல்டா. அது தைராய்டு சுரக்குறதே இல்ல, மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல இருக்குற பிட்யூட்டரி, தைராய்ட வேலை செய்யச் சொல்லி சுரக்குறது. எந்திரிக்காத பிள்ளைய எழுப்புற அம்மா மாதிரி, சத்தம் ஏற ஏற பிள்ளை அசையலன்னு அர்த்தம். சாப்பாட்டுல அயோடின் இல்லாதவங்களுக்கு கழுத்துல கழலை வர்றதும் இதே கதைதான், சரக்கு இல்லாம சுரப்பி என்ன செய்யும், ஆனா மேலேர்ந்து அதட்டல் நிக்காது, அது வீங்கிட்டே போகும். உனக்கு ராத்திரில குப்புனு வேர்க்குதுன்னு எழுதியிருந்தியே, அங்கயும் பிட்யூட்டரி இதே மாதிரிதான் எஃப்எஸ்எச்ங்கிற ஹார்மோன ஏத்தி கத்திட்டு இருக்கும், கருப்பை பக்கத்துல இருக்குற ஓவரி ரிடையர் ஆயிடுச்சு, அது எங்க கேக்கப் போகுது. ஓவரி சுரக்குற ஈஸ்ட்ரோஜன் இறங்கிட்டா மூளைல சூட்டை பாத்துக்குற இடம் ரொம்ப தொட்டாச்சிணுங்கி ஆயிடுமாம், உடம்பு சூடு துளி ஏறினாலும் வேர்க்க வச்சிடும். நான் போர்வைக்குள்ள நடுங்குறேன் நீ ஃபேனப் போடுன்னு கத்துற, நல்லவேளை இப்ப நாம ஹாஸ்டல் ரூம்மேட் இல்ல.

மாத்திரை வந்ததும்தான் நான் உண்மையிலேயே அசந்துட்டேன். எனக்கு ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம். எடையில என்னில் மூணுல ஒரு பங்கு இருக்குற மணிக்கு 400, அதுவும் ரெண்டு வேளை! மருந்து அதே மருந்துதான், தைராக்சின், அதாவது அந்த டி4தான், அதுல மனுஷனுக்கு ஒண்ணு நாய்க்கு ஒண்ணுன்னு கிடையாது, முதுகெலும்பு இருக்குற எல்லா ஜந்துவுக்கும் அதே நாலு அயோடின் ஒட்டின அதே மூலக்கூறு. ஏன்னு கேட்டேன். நாயோட குடல் இதை சரியா உறிஞ்சாதாம், உறிஞ்சினதையும் சீக்கிரம் வெளியேத்திடுமாம், நம்ம உடம்புல பாதி கரைய ஒரு வாரம் ஆகுறது அதுக்கு அரை நாள்லயே கரைஞ்சிடும். டப்பா மாறிடக்கூடாதுன்னு அதோடத சிவப்பு மூடி போட்டு வேற அலமாரில வச்சிருக்கேன்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா, படிக்க உக்காந்துட்டேன். 1912ல குடர்நாட்ச்னு ஒருத்தர் தலைப்பிரட்டைக்கு குதிரையோட தைராய்ட தின்னக் கொடுத்திருக்காரு, குதிரையோடத! அதுங்க வளர்றதுக்கு முன்னாடியே அவசர அவசரமா தவளை ஆயிடுச்சு, குட்டியூண்டு தவளை. தைராய்ட எடுத்துட்டா நேர்மாறு, தலைப்பிரட்டை பெருசாகிட்டே போகும், தவளை மட்டும் ஆகாது. இதுல என்னால தாண்டிப் போகவே முடியாத இடம் ஒண்ணு இருக்கு, தலைப்பிரட்டைக்கு வால் கரையிறதும் இதே ஹார்மோனால, கால் முளைக்கிறதும் இதே ஹார்மோனால. ஒரே ரத்தத்துல ஒரே பொருள் ஓடுது, வால் செல்லு அதைக் கேட்டு சாகுது, கால் செல்லு அதையே கேட்டு வளருது. அப்ப ஹார்மோன் எதையும் சொல்றதே இல்ல, "இப்போ"ன்னு மட்டும்தான் சொல்லுதுன்னு எனக்குத் தோணுது, என்ன செய்யணும்னு செல்லுக்கே தெரியும். ஹார்மோன்ங்கிற பேர 1905ல ஸ்டார்லிங் வச்சாரு, கிரேக்கத்துல கிளப்பி விடறேன்னு அர்த்தமாம், சரியாத்தான் வச்சிருக்காரு. ப்ரோலாக்டின்ங்கிற ஹார்மோனப் பாரு, நமக்கு பால் சுரக்க வைக்கும், புறாவுக்கு தொண்டைப் பையில குஞ்சுக்குப் பால் மாதிரி ஒண்ண சுரக்க வைக்கும், அதுல ஆண் புறாவுக்கும் சுரக்கும்டி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு.

ஆனா ஒண்ணு, இப்ப எல்லாத்துக்கும் ஹார்மோன்மேல பழி போடுற பழக்கம் எனக்கு வந்துடுச்சு. போன வாரம் தம்பிகிட்ட சள்ளுனு விழுந்துட்டு தைராய்டுடான்னேன், அக்கா நீ பத்து வயசுலயே இப்படித்தான்னான்.

சரி, உன் விஷயத்துக்கு வரேன். நீயும் தைராய்டு மாத்திரை போடுறேன், டோஸ ஏத்திட்டே போறாங்க, டிஎஸ்எச் இறங்கவே மாட்டேங்குதுன்னு எழுதியிருந்த, அதே பக்கத்துல கீழ காலைல எழுந்ததும் எல்லா மாத்திரையும் ஒண்ணா முழுங்கிடுறேன், கால்சியம் உட்படன்னும் எழுதியிருக்க. லூசு. கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராக்சினைப் பிடிச்சு வச்சுக்கும், குடல் உறிஞ்ச விடாது. நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் காபி கூட குடிக்காத, கால்சியத்த ராத்திரிக்கு மாத்திக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளு, ரெண்டையும் சேத்து முழுங்குனதையும் மறைக்காம சொல்லு, இல்லன்னா அவர் ஏத்தி வச்ச டோஸ் முழுசா உள்ள போக ஆரம்பிச்சதும் படபடன்னு வரும். ஆறு வாரம் கழிச்சு டெஸ்ட் எடு, அதுக்கு முன்ன எடுத்தா சரியா தெரியாது.

மணி நேத்து பந்த எடுத்துட்டு வந்தான். பாதி தூரம்தான், அப்புறம் பந்த அங்கயே போட்டுட்டு படுத்துட்டான். நான் போய் எடுத்துட்டு வந்தேன்.

உன் நம்பர் எவ்ளோ வந்துச்சுன்னு எழுது.

உன் பழைய ரூம்மேட்