பதினேழு வெற்றிகளில் பதினொன்று யாருடையவை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழின் விளையாட்டுப் பகுதியில், அமெரிக்கக் கால்பந்து அணியான மயாமி டால்ஃபின்ஸ் 1972ஆம் ஆண்டுப் பருவத்தில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆனதைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். டச் டவுனுக்கும் (பந்தை எதிரணியின் கோல் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) ஃபீல்டு கோலுக்கும் (மூன்று புள்ளிகளுக்காகப் பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) பொருள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பாதிப் பக்கம் தீர்ந்துவிடக்கூடிய ஒரு விளையாட்டைத் தமிழில் இவ்வளவு தெளிவாக எழுதிய கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்தப் பருவத்தின் வெற்றிகளைப் பயிற்சியாளர் டான் ஷூலாவுக்கும் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்தோ ஓடுபவரிடம் கொடுத்தோ தாக்குதலை நடத்துபவர்) பாப் கிரீஸிக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, கிரீஸி காயமுற்றிருந்த நாள்களில் மூத்த வீரர் ஒருவர் அவருடைய இடத்தில் ஆடினார் என்று ஒரே வரியில் கட்டுரை நகர்ந்துவிட்டது. அந்த மூத்த வீரரின் பெயரைக்கூடக் காணோம். அவர் பெயர் ஏர்ல் மொரால். அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பருவத்தில் டால்ஃபின்ஸ் ஆடியவை லீக் ஆட்டங்கள் 14, அதற்குப் பிந்தைய பிளே ஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டங்கள் 3, ஆக மொத்தம் 17. ஐந்தாவது ஆட்டத்தில், அக்டோபர் 15ஆம் தேதி, சான் டியேகோ அணியின் இரண்டு தடுப்பாளர்கள் ஒரே நேரத்தில் மேலே விழுந்ததில் கிரீஸியின் வலது கால் எலும்பு முறிந்தது. அன்றைய மீதி ஆட்டத்தை ஆடி முடித்தவர் மொரால். அடுத்த ஒன்பது லீக் ஆட்டங்களையும், கிளீவ்லாந்துக்கு எதிரான முதல் பிளே ஆஃப் ஆட்டத்தையும், பிட்ஸ்பர்க்கில் நடந்த அரையிறுதியையும் தொடங்கியவரும் அவரே. பதினேழில் பதினொன்று. கிரீஸி தொடங்கியவை ஆறு. தோல்வியே காணாத ஒரு பருவத்தில் பெரும்பங்கு யாருடைய கையில் இருந்தது என்பதை இதற்கு மேலும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அப்போது மொராலுக்கு வயது 38. அவர் 1956 முதல் ஆடி வந்தவர். சான் ஃபிரான்சிஸ்கோ, பிட்ஸ்பர்க், டெட்ராய்ட், நியூயார்க், பால்டிமோர் என ஐந்து அணிகளைப் பார்த்தவர். பால்டிமோர் அவரை வேண்டாம் என்று கைவிட்டபோது, 1972 ஏப்ரலில், வெறும் 100 டாலர் கட்டணத்துக்கு ஷூலா அவரை மயாமிக்கு எடுத்துக்கொண்டார். மற்ற வீரர்கள் முடியையும் மீசையையும் வளர்த்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒட்ட வெட்டிய தலையுடன் அணிக்குள் வந்த இவர், பார்வைக்கு ஆட்டக்காரர்களில் ஒருவராக இல்லாமல் அவர்களுக்குப் பாடம் நடத்த வந்தவர் போல இருந்திருப்பார்.

ஷூலா ஏன் அவரைத் தேடிப் பிடித்தார் என்பதற்கு முன்கதை ஒன்று உண்டு. கட்டுரையில் இல்லாத அந்தக் கதை தெரியாவிட்டால் 1972இன் முழுப் பொருளும் பிடிபடாது. 1968இல் ஷூலா பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்தார். பருவம் தொடங்கும் முன்பே நட்சத்திர வீரர் ஜானி யூனைடஸின் முழங்கை பழுதாகிவிட, மாற்று வீரராக வந்த மொரால் 14 ஆட்டங்களில் 13ஐ வென்று கொடுத்து, லீகின் தலைசிறந்த வீரருக்கான விருதையும் பெற்றார். பிறகு 1969 ஜனவரியில், மயாமியின் ஆரஞ்ச் பௌல் மைதானத்தில், மூன்றாவது சூப்பர் பௌல், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டம். முதல் பாதியிலேயே மொராலின் மூன்று வீச்சுகள் எதிரணியின் கைக்குப் போயின. அவற்றில் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. கோல் எல்லையை ஒட்டி சக வீரர் ஜிம்மி ஓர் (Jimmy Orr), பக்கத்தில் எதிரணியினர் ஒருவரும் இல்லாமல் கையை உயர்த்தி நின்றிருக்க, மொரால் அவரைக் காணாமல் நடுவில் நின்ற இன்னொருவருக்கு எறிந்தார். மூன்றாம் கால்பகுதியில் ஷூலா அவரை உட்காரவைத்துவிட்டு யூனைடஸை அனுப்பினார். எவரும் எதிர்பாராத வகையில் நியூயார்க் ஜெட்ஸ் 16-7 என்று வென்றது. ஓர் ஆண்டு முழுவதும் உழைத்துச் சேர்த்த பெயர் ஒரே பிற்பகலில் போனது.

மூன்றே முக்கால் ஆண்டு கழித்து, அதே ஆரஞ்ச் பௌலில், அதே பயிற்சியாளருக்காக, இன்னொருவர் காயத்தால் காலியான இடத்தில் மீண்டும் மொரால் இறங்குகிறார். அந்தக் காட்சியைத்தான் கட்டுரையில் தேடினேன்.

அவருடைய பங்கை மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. அந்த அணி எறிந்து வென்ற அணி அன்று, ஓடி வென்ற அணி. லாரி சோங்கா 1,117 யார்டுகளும் மெர்க்குரி மோரிஸ் சரியாக 1,000 யார்டுகளும் ஓடினார்கள். ஒரே அணியில் இருவர் ஒரே பருவத்தில் ஆயிரத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. (மோரிஸின் கணக்கு முதலில் 991 என்றுதான் பதிவானது. பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்து, அவர் பெயரில் தவறாக எழுதப்பட்ட ஒன்பது யார்டு இழப்பை நீக்கினார்கள். நம் ஊர்க் கணக்கப்பிள்ளைகள் கேட்டால் மகிழ்வார்கள்.) நிக் புவனிகான்டி தலைமையில், பெயரில்லாத் தடுப்புப் படை என்றே பெயர் வாங்கிய தடுப்பாட்டக்காரர்களும் இருந்தார்கள். இவ்வளவும் அமைந்திருக்கையில் குவார்ட்டர்பேக் செய்ய வேண்டியது பந்தை ஓடுபவர் கையில் கொடுப்பதும் தவறு செய்யாமலிருப்பதும்தான் என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் தவறு செய்யாமல் இருப்பதை எளிய வேலை என்று சொல்பவர்கள் 1969 ஜனவரியை மறந்துவிடுகிறார்கள்.

எதிரணிகள் வலுவற்றவை என்ற குறையையும் கட்டுரையாளர் எழுப்பியிருக்கிறார். அது நியாயமான குறைதான். லீக் ஆட்டங்களில் டால்ஃபின்ஸ் சந்தித்த அணிகளில் அந்த ஆண்டு தோல்வியைவிட வெற்றி மிகுந்தவை இரண்டே இரண்டு. கான்சஸ் சிட்டியும் நியூயார்க் ஜயன்ட்ஸும், இரண்டும் 8 வெற்றி, 6 தோல்வி. ஆனால் மெலிந்த அணியிடமும் தோற்றால் தோல்விதானே? மொரால் தொடங்கிய முதல் ஆட்டத்தில் பஃபலோவை வென்றது 24-23 என்ற ஒரே புள்ளி வித்தியாசத்தில். நவம்பரில் ஜெட்ஸுடன் நடந்த ஆட்டம் 28-24. அன்றைய டச் டவுன்களில் ஒன்றை, எறிய ஆள் கிடைக்காமல், 31 யார்டு தானே ஓடி எடுத்தார் மொரால். அவ்வளவு மெதுவாக ஓடிய ஒருவரை எதிரணியில் ஒருவராலும் பிடிக்க முடியவில்லை என்பதைப் படத்தில் பார்க்கும்போது இன்றும் சிரிப்பு வருகிறது.

நான் தெற்கு ஃபுளோரிடாவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வசிப்பவன். அலுவலகம் போய்வந்த சாலையின் பெயரே டான் ஷூலா விரைவுச்சாலை. ஆரஞ்ச் பௌலை 2008இல் இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் நிற்பது பேஸ்பால் மைதானம். பக்கத்து வீட்டில் இருந்த பெரியவர் அந்தப் பருவத்தை நேரில் கண்டவர். உள்ளூரில் நடக்கும் ஆட்டங்களை, நுழைவுச்சீட்டு முழுதும் விற்றுத் தீர்ந்தாலும், அந்த ஊர்த் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்பது அந்நாளைய லீக் விதி. அதனால் சீட்டுக் கிடைக்காத ஞாயிறுகளில் நண்பர்களுடன் காரை எடுத்துக்கொண்டு, ஒளிபரப்பு எட்டும் தொலைவிலுள்ள ஏதாவதொரு விடுதியில் அறை எடுத்துப் பார்த்துவிட்டு வருவார்களாம். மைதானத்துக்கே போன நாள்களில் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டியதைச் சொல்லும்போது அவர் கை தானாக உயரும். மொராலைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பிட்ஸ்பர்க் என்பார்.

டிசம்பர் 31. அதுவரை ஓர் ஆட்டமும் தோற்காத அணி, அரையிறுதியை எதிரணியின் ஊரில் போய் ஆடியது. சொந்த மைதான உரிமை வெற்றிக் கணக்கைப் பார்த்து வராமல், பிரிவுகளுக்கு முறைவைத்து வந்த காலம் அது. முதல் பாதியில் பிட்ஸ்பர்க் 7-0 என முன்னிலையில் இருந்தபோது, பந்தை உதைத்துக் கொடுத்துவிட வேண்டிய லாரி சீப்பிள், எதிரணி வீரர்கள் முதுகைக் காட்டிப் பின்னோக்கி ஓடுவதைக் கண்டு, உதைக்காமல் பந்தோடு 37 யார்டு ஓடினார். அதைத் தொடர்ந்து மொரால் சோங்காவுக்கு எறிந்ததில் ஆட்டம் சமநிலைக்கு வந்தது. மூன்றாம் கால்பகுதியில் 10-7 எனப் பிட்ஸ்பர்க் மறுபடி முந்தியபோது, ஷூலா மொராலை உட்காரவைத்துவிட்டு, கால் தேறியிருந்த கிரீஸியை அனுப்பினார். மீண்டும் அதே பயிற்சியாளர், மீண்டும் மூன்றாம் கால்பகுதி. கிரீஸி வந்ததும் பால் வார்ஃபீல்டுக்கு 52 யார்டு வீச்சு ஒன்றை எறிந்தார்; ஆட்டம் 21-17 என்று மயாமியிடம் வந்தது. ஷூலாவின் முடிவு சரியானது. அதை மறுக்க என்னிடம் எந்த வாதமும் இல்லை. சூப்பர் பௌலையும் கிரீஸியே தொடங்குவார் என்று சொன்னபோது, மொரால் தமக்கு உடன்பாடில்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதை ஒரு பிரச்சினையாகவும் ஆக்கவில்லை. அந்த ஓய்வறையில் அணியை இரண்டாகப் பிளக்கும் உரிமை யாருக்காவது இருந்தது என்றால் அவருக்குத்தான் இருந்தது.

1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சல்ஸ். வாஷிங்டனுக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே விவரித்திருக்கிறார். கடைசி நிமிடங்களில் 14-0 என்றிருக்கையில், ஃபீல்டு கோலுக்காகக் கேரோ யெப்ரீமியன் உதைத்த பந்து தடுக்கப்பட்டுத் திரும்ப, அதை எடுத்து அவர் எறியப் போய், கை வழுக்கி, மைக் பாஸ் அதைப் பிடித்து 49 யார்டு ஓடி டச் டவுன் ஆக்கிய அந்த வேடிக்கையையும் எழுதியிருக்கிறார். ஆட்டம் 14-7 என முடிந்தது. அந்த உதை உள்ளே போயிருந்தால் பதினேழாவது வெற்றி 17-0 என்ற கணக்கில் வந்திருக்கும். அந்தப் படத்தை மறுபடி பார்க்க வாய்ப்பிருந்தால், யெப்ரீமியனை விட்டுவிட்டு, அவருக்கு முன்னால் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, பந்தைப் பிடித்து நிறுத்திக் கொடுக்கிறாரே, அவரைப் பார்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அன்று குவார்ட்டர்பேக் இடம் இல்லையென்று ஆன பிறகு, உதைப்பவருக்குப் பந்தைப் பிடித்துக் கொடுக்கும் வேலை மட்டும் மிஞ்சியிருந்த ஏர்ல் மொரால்தான் அவர்.

தங்கள் உண்மையுள்ள வாசகன்,
மயாமி, ஃபுளோரிடா